ஏல டிராக்டரும் அடியில் ஒரு சின்ன ஓட்டையும்

டிராக்டரில், கத்திகள் சுற்றி மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டரை மாட்டி வயலில் இறக்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜின் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் மண் பறப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் கத்திகள் சோம்பலாகச் சுற்றுகின்றன. அப்புறம்தான் அந்த வாடை வந்தது. கிளட்ச் கருகும் வாடையை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறுமுறை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டியை ஏலத்தில் எடுத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்தது. நப்பாசைதான். 'உள்ளது உள்ளபடியே, இருக்கும் இடத்திலேயே' என்று பெரிய எழுத்திலேயே போட்டிருந்தார்கள். சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து வண்டியும் என்னுடையது, அதன் நோயும் என்னுடையது. விவரத் தாளில் 'ஓடும் நிலையில் உள்ளது' என்று ஒரு வரி இருந்தது. அதில் பொய் இல்லை, ஓடத்தான் செய்தது. உழைக்கும் நிலையில் உள்ளது என்று யாரும் எழுதித் தரவில்லை. நானாக அப்படிப் படித்துக்கொண்டேன்.

இந்தப் பதிவு அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியது. கிளட்சை எப்படிப் பிரித்தேன் என்பதும் இருக்கிறது. அதற்காக மட்டும் வந்தவர்கள் பாதியைத் தாண்டிப் போகலாம்.

பார்வை நாள்

ஏலத்துக்கு முந்தின நாள் வண்டிகளைப் பார்க்க விடுவார்கள். நான் போனது மதியத்துக்கு மேல். முதல் தப்பு அது. அதற்குள் பத்துப் பேர் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தார்கள். இன்ஜின் பிளாக்கில் கை வைத்தேன், நல்ல சூடு. சூடான டீசல் இன்ஜின் யார் சாவியைத் திருகினாலும் எழுந்துகொள்ளும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் முதல் ஆளாகச் சுற்றிப் பார்த்தால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், இருக்கிறதா, இன்ஜெக்டர் டீசலை ஒழுங்காகத் தெளிக்கிறதா என்று தெரியும். செல்ஃப் எத்தனை சுற்று சுற்றிய பிறகு பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனிக்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று போதவில்லை. குளிர்ந்த இன்ஜினில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசலாக இருக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நான் போன நேரத்தில் புகையே இல்லை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பாட்டரி புத்தம் புதிதாக இருந்ததையும் நன்மையாகவே எடுத்துக்கொண்டேன். மற்ற எல்லாம் பழையதாக இருக்கும் வண்டியில் பாட்டரி மட்டும் புதிது என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். திடமான பாட்டரி சோம்பேறி இன்ஜினையும் தட்டி எழுப்பிவிடும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் தேன் நிறம். இதற்கும் மகிழ்ந்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. டீசல் இன்ஜினில் ஊற்றும் ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். தேன் நிறத்தில் இருந்தால் நேற்றோ முந்தாநாளோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததா, டீசல் இறங்கியிருந்ததா, உலோகத் தூள் மினுங்கியதா என்பதற்கான சாட்சியம் அத்தனையும் அந்தப் பழைய ஆயிலோடு போய்விட்டது. கறுத்த ஆயில் உள்ள வண்டியில் துடைத்துப் பார்க்கவாவது ஏதாவது இருக்கும்.

அடுத்தது ஆயில் ஊற்றும் மூடி. இன்ஜின் ஓடும்போது அதைத் திறந்தேன். ஒரே ஒரு முறை 'புஸ்' என்று காற்று வந்தது, அப்புறம் அமைதி. பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைத்துப் பிடிக்கும் ரிங் தேய்ந்த இன்ஜினாக இருந்தால் மூடியைத் திறந்ததும் இழுப்பு நோய்க்காரர் மாதிரி தொடர்ந்து புகையும் மூச்சுமாக விட்டுக்கொண்டே இருக்கும். இது விடவில்லை. ரிங் நல்லது என்று குறித்துக்கொண்டேன். அது சரியான முடிவுதான். அந்த ஒரு 'புஸ்' எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிட்டேன், வண்டி மேல் கடன் பாக்கி இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். சரியாகச் செய்த காரியங்களில் இவை இரண்டு. இன்ஜின் ஓடிய நேரத்தைச் சொல்லும் மீட்டர் 1,850 மணி நேரம் காட்டியது. கிளட்ச் பெடலின் வரிகள் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்து உலோகம் பளபளத்தது. பின் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்த்தேன். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3214 என்று இருந்தால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். டயர் வண்டியைவிட ஆறு வருடம் இளையது. 1,850 மணி நேரத்தில் பின் டயர் தேய்ந்து மாற்றும் அளவுக்கு ஓடியிருக்குமா? மீட்டரை நம்பக் கூடாது, பெடலை நம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டே ஏலம் கேட்டேன்.

கியர் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டபோது அங்கே நின்றவர் தலையை ஆட்டிவிட்டார். ஸ்டார்ட் செய்யலாம், நகர்த்தக் கூடாது. கூட்டத்துக்கு நடுவில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிளட்ச், கியர், பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு, கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் எல்லாம் சுமை ஏறினால்தான் வாய் திறக்கும். நின்ற இடத்தில் நின்று 'தடதட'வென்று ஓடும் டிராக்டர் எல்லாமே நல்ல டிராக்டர்தான்.

பெயிண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்பகுதி வரைக்கும் புதுப் பெயிண்ட். ரப்பர் ஹோஸ் மேலும், கிரீஸ் நிப்பிள் மேலும் பெயிண்ட். நிப்பிள் மேல் பெயிண்ட் காய்ந்திருந்தால் அதன் பிறகு யாரும் அதில் கிரீஸ் அடிக்கவில்லை என்று அர்த்தம். கீழே குனிந்து பார்த்தேன். கசிவே இல்லை, துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. இத்தனை வயதான வண்டியில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லாதது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் ஏலத்தில் நான் மனதில் வைத்திருந்த வரம்பைத் தாண்டி இரண்டு முறை கை தூக்கினேன். எதிரே கேட்டவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்ட விதம் எனக்கு எரிச்சல் மூட்டியது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அதற்கு மேல் ஏலக்காரர் கமிஷன், வண்டியை ஏற்றி வரும் கூலி, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நிறுத்தி வைக்கும் கட்டணம். கை தூக்கும்போது இதெல்லாம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பின் இல்லாத ஓட்டை

வாடை வந்த மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றி வரவில்லை, ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. நேராகச் சாக்கை விரித்து அடியில் படுத்தார்.

"தம்பி, பின்னைக் காணோமே."

"எந்தப் பின்னு அண்ணே?"

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மணி மாதிரி ஒரு கூடு இருக்கும். கிளட்ச் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கூட்டின் அடிப்பாகத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். முன்னால் இன்ஜின் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போனாலும், பின்னால் கியர் பாக்ஸ் சீல் போனாலும் ஆயில் கிளட்ச்சில் தேங்காமல் கீழே சொட்டட்டும் என்பதற்காக வைத்த ஓட்டை. அழுக்கு அடைக்காமல் இருக்க அதில் இரண்டு கால் உள்ள ஒரு ஸ்பிளிட் பின்னைத் தொங்கவிட்டிருப்பார்கள். வண்டி அதிர அதிர அது ஆடி, ஓட்டையைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சல்லிக் காசு பெறாத பின்.

எங்கள் வண்டியில் பின் இல்லை. ஓட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. கேஸ்கட் பசை மாதிரி ஏதோ ஒன்றால் அடைத்து மேலே பெயிண்ட் போயிருந்தது. வேண்டுமென்றே செய்ததா, பெயிண்ட் அடித்தவர் ஏதோ விட்டுப்போன ஓட்டை என்று நினைத்து நல்லெண்ணத்தில் அடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கம்பியால் குத்தினார். பசை பிய்ந்து வந்ததும் கறுப்பாக ஆயில் கொட்டியது. கீழே வைத்த டப்பாவில் அரை லிட்டருக்கு மேல் சேர்ந்தது. அவ்வளவு ஆயிலும் உள்ளே தேங்கி, இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃபிளைவீல் அதை வாரி இறைத்து, கிளட்ச் பிளேட் அதில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பார்வை நாளிலேயே அந்த இடத்தை நான் பார்த்தேன் என்பதுதான் வேடிக்கை. எதைத் தேட வேண்டும் என்று தெரியாததால், இருக்க வேண்டியது இல்லை என்பது கண்ணில் படவில்லை.

நடுவில் பிரித்தது

டிராக்டரின் கிளட்ச்சை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். காரில் மாதிரி கியர் பாக்ஸை மட்டும் கழற்றி இறக்க முடியாது, ஏனென்றால் பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜினும் கியர் பாக்ஸுமே முதுகெலும்பு. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். அப்புறம் டீசல் குழாய், ஸ்டீயரிங் ஹோஸ், ஹைட்ராலிக் பைப், வயரிங், ஆக்ஸிலரேட்டர் கம்பி. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போன் கேமராவில் படம் எடுத்தேன். போல்ட்டுகளுக்கு ஒரு அட்டை: கூட்டின் வட்டத்தை அட்டையில் வரைந்து, எந்தத் துளையில் இருந்த போல்ட்டோ அதே இடத்தில் குத்தி வைத்தேன். வெவ்வேறு நீளத்தில் மூன்று வகை போல்ட் இருந்தன. இந்த அட்டை இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது பாதி நாள் போயிருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இதில் இருக்கிறது. முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடும். வண்டி முழுதாக இருக்கும்வரை பின் சக்கரங்கள் அதைத் தாங்கும். பிரித்துவிட்டால் இன்ஜின் பாதி எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் அச்சுக்கும் அதன் மேல் உள்ள தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடித்து இறுக்கின பிறகுதான் ஒரு போல்ட்டைத் தளர்த்தவே அண்ணன் விட்டார். கியர் பாக்ஸுக்குக் கீழே கனமான இரும்புத் தாங்கி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இன்ஜினுக்கு அடியில் சக்கர ஜாக்கி. செங்கல் அடுக்கி இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லாமல் உடையும்.

முன்பாதியை மெதுவாக உருட்டினோம். ஒரு முழம் விலகியதும் உள்ளே கறுத்த சகதி. கிளட்ச் பிளேட்டின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டுகள், சூட்டில் வெந்த இரும்பின் நிறம். இது இரட்டைக் கிளட்ச், வண்டியை ஓட்ட ஒரு பிளேட், பி.டி.ஓ.வுக்கு ஒன்று. இரண்டும் நனைந்திருந்தன. பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாமா என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. பிளேட்டை என் கையில் கொடுத்து விரலால் அழுத்தச் சொன்னார். பிளேட்டின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் உள்ளிருந்து ஆயில் கசிந்து விரல் நுனியில் நின்றது.

ஆயில் எங்கிருந்து வந்தது? கியர் பாக்ஸ் பக்கம், பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சுற்றி ஆயில் தடமே இல்லாமல் உலர்ந்து கிடந்தது. ஃபிளைவீலுக்குப் பின்னால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புக் கோடுகள். ஆக, இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல்தான். ஃபிளைவீலைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சீவி வாங்கினோம். கிராங்க்கில் சீல் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் 'டிக்' என்று தட்டியது, லேசான பள்ளம். அதே பள்ளத்தில் புதுச் சீலை உட்காரவைத்தால் சீக்கிரமே மறுபடி கசியும். கூட்டில் இடம் இருந்ததால் சீலைக் கொஞ்சம் முன்னே தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி பதித்தோம். பள்ளம் ஆழமாக இருந்திருந்தால் மெல்லிய உலோக உறை போட வேண்டியிருக்கும்.

அப்புறம் அண்ணன் கேட்டார், "சீல் தேஞ்சது சரி. இவ்வளவு ஆயிலு ஏன் தள்ளுச்சு?"

அப்போதுதான் அந்த 'புஸ்' நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் எழுந்து போய் பிரீதர் குழாயைக் கழற்றினார். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எல்லா இன்ஜினிலும் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக வழி அந்தக் குழாய். அதன் வாயில் காய்ந்த மண். உடைத்தால் குளவிக் கூடு, அதற்கு மேலே ஆயில் சகதி கெட்டியாக ஏறியிருந்தது. வண்டி எங்கோ பல மாதம் சும்மா நின்றிருக்கிறது. குளவி கூடு கட்டியிருக்கிறது. போக வழியில்லாத வாயு உள்ளே அழுத்தம் கூட்டி, இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் அடைபட்ட காற்று ஒரே மூச்சில் வெளியேறியதுதான் அந்த 'புஸ்'. ஒரு முறை வந்து நின்றால் பிரீதரைப் பார், நிற்காமல் வந்தால் ரிங்கைப் பார். இதை ஏலத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால்! குழாயைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த பருவத்தில் மறுபடி இதே வண்டியை இரண்டாகப் பிரித்திருப்போம்.

திரும்பப் பூட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த, லேத்தில் கடைந்த மரத்தண்டு ஒன்றைச் செருகி பிரஷர் பிளேட்டை இறுக்கினோம். பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் நெம்பு விரல்கள் மூன்றையும் ஒரே உயரத்துக்கு வைக்கவே ஒரு மணி நேரம். வண்டியைச் சேர்க்கையில் கடைசி இரண்டு விரற்கடை இடைவெளி மூடவில்லை. எனக்குப் பொறுமை போய், போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்றேன். "ஒரு பக்கம் காது உடையும்" என்றார் அண்ணன், போல்ட் நுழையும் விளிம்பைச் சொல்லி. பின்னால் போய் பி.டி.ஓ. தண்டைக் கையால் லேசாகத் திருப்பினார். ஸ்பிளைன் பல்லில் பல் விழுந்து, வண்டி தானாகச் சேர்ந்துகொண்டது.

இந்த ஒரு வேலைக்கு உதிரி, லேத், கூலி எல்லாம் சேர்த்து ஏல விலையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஒன்பது நாள் வேலை நின்றது. அந்த நாட்களுக்கு வாடகை டிராக்டர். இதையும் கூட்டினால், கொஞ்சம் கூடக் கொடுத்து வாரண்ட்டியோடு ஒரு பழைய வண்டியை வாங்கியிருக்கலாம் என்ற கணக்கு வருகிறது. அந்தக் கணக்கை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

இனிமேல் ஏலத்துக்குப் போவேனா என்றால் போவேன். ஆனால் பார்வை நாளில் கேட் திறக்கும்போதே நிற்பேன். நகர்த்த விடாவிட்டாலும், பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பார்க்க அனுமதி கேட்பேன். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி நிற்கும். நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. அதுவும் ஓட்டும் பிளேட்டைப் பற்றித்தான் சொல்லும், பி.டி.ஓ. பிளேட்டைப் பற்றி அல்ல. ஹைட்ராலிக்குக்கு, கனமான கருவி ஏதாவது மாட்டியிருந்தால் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, மற்ற வண்டிகளைப் பார்த்துவிட்டு வருவேன். திரும்பி வரும்போது தூக்கும் கை இறங்கியிருந்தால் உள்ளே சீலோ வால்வோ கசிகிறது. இரண்டுக்கும் விடவில்லை என்றால், வண்டியைப் பிரிக்கும் செலவு முழுவதையும் கழித்த பிறகு வரும் தொகையே என் வரம்பு. அதைத் தாளில் எழுதி மச்சானிடம் கொடுத்துவிடுவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

கம்ப்யூட்டர் வைத்த புது டிராக்டர்களை ஏலத்தில் தொடவே மாட்டேன். அதில் பதிவான கோளாறுக் குறியீடுகளை முந்தின நாள் அழித்துவிட முடியும், சரிபார்க்கும் கருவியும் நம்மிடம் இருக்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியிடம் ஸ்பானரை வைத்துக்கொண்டாவது பேசலாம்.

வண்டியோடு வந்த ஆயில் ஃபில்ட்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். உலோக மினுக்கம் எதுவும் இல்லை. சேர்த்த பிறகு இதுவரை 26 மணி நேரம் ரோட்டவேட்டர் ஓட்டியாயிற்று, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் மண்ணைத் தூளாக்குகிறது. அடி ஓட்டையில் புதுப் பின்னைச் செருகி கால்களை விரித்துவிட்டிருக்கிறேன். தினமும் காலையில் படுத்து அதைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்றும் விரல் காய்ந்தே வந்தது. ஆனால் ராத்திரி தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் காலையில் தரையில் உட்கார்ந்திருந்தது. லிஃப்ட் சிலிண்டரை அடுத்த மழைநாளில் பிரிக்க வேண்டும்.